ஆட்டுக்குடல் இசைநரம்பானது எப்படி?

கேள்வி:
17ஆம் நூற்றாண்டில் லூட் என்ற தந்திக் கருவி, வயலின் ஆகியவற்றுக்கு ஆட்டுக்குடலில் நரம்பு செய்தார்கள் என்று அறிகிறேன். ஒரே நாளில் நாறிப்போகும் குடல், இழுத்துக் கட்டினாலும் அறாத நரம்பாக மாறியது எப்படி? இந்த நரம்பின் ஆங்கிலப் பெயரான ‘கேட்கட்’டில் (catgut, சொல்லுக்குச் சொல் ‘பூனைக்குடல்’) பூனை ஏன் வருகிறது?

பதில் 1:
பூனைக்கு இதில் பங்கில்லை ஐயா. பெரும்பாலும் இளம் செம்மறியின் சிறுகுடல்தான். ஆட்டை அறுத்ததும் சூடு ஆறுமுன் குடலை உருவிக் கழுவி, குளிர்ந்த நீரில் ஊறவைத்து, சளிப்படலமும் கொழுப்பும் போகும்வரை வழித்தெடுத்து, பிறகு மரச்சாம்பலில் இறக்கிய காரநீரில் பல நாள் ஊறவைப்பார்கள். குடல் கிழியாமல் வழிப்பதில்தான் கைத்திறன் முழுவதும் இருந்தது. எஞ்சும் மெல்லிய படலத்தை ஈரத்தோடு முறுக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டி, கந்தகப் புகையில் வெளுக்கவைத்து உலர்த்தி, தேய்த்து வழவழப்பாக்கி, ஆலிவ் எண்ணெய் தடவுவர். இத்தாலியின் ரோமும் நேப்பிள்ஸும் இதற்குப் பேர்போனவை.

பதில் 2:
ஒன்று சேர்க்கலாமா? வயலினின் மிக மெல்லிய நரம்புக்கு மூன்று நான்கு குடல்கள் போதும். கீழ்ச்சுருதி நரம்புக்கு அதைவிடக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். ஆனால் தடித்த நரம்பு விறைத்து, ஒலி மழுங்கிவிடும். அதனால் கயிறுபோல் திரித்தும் பார்த்தார்கள். இதற்குத் தீர்வாகக் குடல்மேல் உலோகக் கம்பி சுற்றிய நரம்புக்கு 1664இல் இங்கிலாந்தில் விளம்பரமே வந்திருக்கிறது.

கேட்டவர்:
மிக்க நன்றி. மழைநாளில் குடல்நரம்பு கட்டிய என் வயலின் சுருதி நழுவுவது ஏன் என்பதும் இப்போது புரிகிறது. குடல் இன்னும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கிறது.