மேடு பள்ளத் தளத்தில் கண்ணாடி ஸ்டாண்டை உருட்டலாமா, கூடாதா?

சேதராப்பட்டு ஷெட்:
புதுச்சேரி சேதராப்பட்டில் வாடகை ஷெட் ஒன்றில் ஓடும் கண்ணாடிப் பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். தளம் மட்டமில்லாத ஷெட்டில், கண்ணாடி ஷீட் அடுக்கிய ஏ ஸ்டாண்டை (A எழுத்து வடிவம், இரண்டு பக்கமும் ஷீட் சாய்ந்து நிற்கும்) சக்கரம் போட்டு உருட்டவே கூடாது என்பது என் கட்சி. ஸ்டாண்டு ஒரே இடத்தில் அசையாமல் நிற்கட்டும். நகர்வது ஷீட் மட்டும்தான், அதுவும் ஒவ்வொன்றாக.

காரணம் இதுதான். ஸ்டாண்டில் கண்ணாடியை நிற்க வைப்பது அதன் சாய்வு மட்டுமே. வழக்கமாக 5 டிகிரி அளவில் உள்பக்கம் சாய்த்து வைக்கிறோம். இரண்டரை அடி அகல ஸ்டாண்டில் ஒரு பக்கச் சக்கரங்கள் ஓர் அங்குலப் பள்ளத்தில் இறங்கினால் போதும், மொத்த ஸ்டாண்டும் கிட்டத்தட்ட 2 டிகிரி அந்தப் பக்கம் சாயும். இறங்கிய பக்கத்து ஷீட்டுக்கு மிச்சம் 3 டிகிரிதான். இரண்டரை அங்குலம் இறங்கினால் ஷீட் ஏறக்குறைய செங்குத்து. அப்புறம் ஓர் ஆள் முழங்கை பட்டாலும் வெளியே வந்துவிடும். எங்கள் ஷெட்டில் கேட்டுக்குப் பக்கத்தில் லாரி ஏறி ஏறித் தளம் அமுங்கியிருக்கிறது. அந்த இடத்தில்தான் எல்லா ஸ்டாண்டும் திரும்புகிறது.

கட்டிங் டேபிள்:
தம்பி, கணக்கு சரி, முடிவு சரியில்லை. தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் எனக்குச் சின்னப் பட்டறை. கண்ணாடியில் கை படும் ஒவ்வொரு தடவையும் ஆபத்து. நீங்கள் சொல்கிறபடி ஒவ்வொன்றாகத் தூக்கினால், ஒரு தடவை உருட்டி முடிக்கும் வேலைக்கு இருபது தடவை தூக்க வேண்டிவரும். எடையை நினைத்துப் பாருங்கள். கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மி.மீ. கனத்துக்கு இரண்டரை கிலோ. எட்டுக்கு ஆறு அடி ஷீட், 6 மி.மீ. என்றால் 67 கிலோ. அதே அளவு 12 மி.மீ. என்றால் 134 கிலோ. அந்த 12 மி.மீ. ஷீட்டை அதே மேடு பள்ளத்தில் நாலு பேர் கையில் பிடித்துக்கொண்டு நடக்கச் சொல்கிறீர்களா? ஸ்டாண்டு பள்ளத்தில் இறங்கும் என்றால் ஆள் கால் மட்டும் இறங்காதா?

உருட்டுவதில் தப்பில்லை, நாம் போடுகிற சக்கரத்தில்தான் தப்பு. நாலு அங்குல நைலான் சக்கரம் தளத்தில் அரை அங்குல ஜாயின்ட்டில் டக்கென்று நிற்கும். எட்டு அங்குலத்துக்குக் குறையாத, ரப்பர் முகம் வைத்த சக்கரம் போடுங்கள். மேலேயும் நடுவிலேயும் பெல்ட் கட்டுங்கள். இரண்டு பக்கமும் சம எடை. இவ்வளவும் செய்தால் உருட்டுவதே பாதுகாப்பு.

வில்லியனூர் லோடுமேன்:
காற்று அடைத்த டயர் போடலாமா அண்ணே? குலுங்காது என்று சிலர் போட்டிருக்கிறார்கள்.

கட்டிங் டேபிள்:
வேண்டாம். ஒரு டயரில் காற்று குறைந்தால் அந்த மூலை இறங்கிவிடும், பள்ளத்தை நாமே கூட எடுத்துக்கொண்டு போகிற மாதிரி. கெட்டி ரப்பரே போதும்.

முதுநகர் ஃபேப்ரிகேட்டர்:
கடலூர் முதுநகரில் ஸ்டாண்டு அடித்துக் கொடுக்கிறவன் நான். கட்டிங் டேபிள் அண்ணன் பெரிய சக்கரம் என்கிறார், ஜாயின்ட் தாண்ட அது உதவும், உண்மை. ஆனால் பக்கவாட்டுச் சாய்வை எந்தச் சக்கரமும் சரிசெய்யாது. பள்ளத்தில் எட்டு அங்குலச் சக்கரமும் இறங்கத்தான் செய்யும்.

இன்னொரு விஷயத்தை யாரும் எழுதவில்லை. நாலு சக்கரமும் விறைப்பாக வைத்த ஸ்டாண்டு மேடு பள்ளத்தில் நின்றால் மூன்று சக்கரம்தான் தரையைத் தொடும், நாலாவது அந்தரத்தில். முழு எடையும் மூன்று காலில் உட்காரும்போது சட்டம் முறுக்கும். முறுக்கினால் ஷீட் சாய்ந்திருக்கும் முதுகுக் குழாய்கள் ஒரே தளத்தில் இருக்காது, ஷீட் ஒரு மூலையில் மட்டும் சாயும். பழுதுக்கு வரும் ஸ்டாண்டுகளில் எப்போதும் ஒரே இடத்தில்தான் வெல்டு விட்டிருக்கும்: அடிச்சட்டமும் முதுகுக் குழாயும் சேரும் மூலையில், மயிர்க்கோடாக. பெயின்ட் மேலே துருக்கோடு தெரிந்தால் அது கீறல்தான். சுரண்டிப் பாருங்கள்.

ஒரு முனை அச்சை நடுவில் கீல் வைத்து ஆடவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு, டிராக்டர் முன் அச்சு போல. நாலு சக்கரமும் தரையைத் தொடும், முறுக்கும் குறையும். ஆனால் ஸ்டாண்டு அப்போது தாங்குவது மூன்று புள்ளியில். கீல் இருக்கும் முனையில் பக்கவாட்டுப் பிடிமானம் இல்லை, கவிழ்வது சுலபமாகிவிடும். உயரமான கண்ணாடிக்கு அதை நான் செய்து தருவதில்லை, எவ்வளவு கேட்டாலும்.

சேதராப்பட்டு ஷெட்:
அண்ணே, அப்போ நீங்களும் என் பக்கம்தானே?

முதுநகர் ஃபேப்ரிகேட்டர்:
பாதி. நிலையான ஸ்டாண்டுதான் வேண்டும். ஆனால் கையால் தூக்குவதற்கும் நான் எதிரி. மேலே ஐ பீம் ஓட்டி, செயின் பிளாக்கில் (சங்கிலி இழுத்துத் தூக்கும் கப்பி) கண்ணாடியை உறிஞ்சிப் பிடிக்கும் வேக்வம் கப் தொங்கவிட்டு எடுங்கள். கண்ணாடி தரை பார்க்காமலே டேபிளுக்குப் போகும், தளம் எப்படி இருந்தால் என்ன?

கட்டிங் டேபிள்:
வாடகை ஷெட்டின் கூரைச் சட்டம் ஓடு தாங்கக் கட்டியது. அதில் 134 கிலோ ஷீட்டும் தூக்கும் சாமானும் தொங்கினால் அந்தக் கூரையை யார் சர்டிஃபை செய்வார்? தனித் தூண் நட்டுத்தான் பீம் ஓட்ட வேண்டும். அந்தத் தூணுக்கு அஸ்திவாரம் தோண்ட ஷெட்காரர் சம்மதிக்கணும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலில் இந்தப் பக்கம் எத்தனை ஷெட்டுக் கூரை பறந்தது என்பதைப் பார்த்தவர்கள் பழைய கூரையை நம்ப மாட்டார்கள்.

முதுநகர் ஃபேப்ரிகேட்டர்:
கூரையில் தொங்கவிடச் சொல்லவில்லையே. தனித் தூண்தான். செலவு உண்டு, மறுக்கவில்லை.

வில்லியனூர் லோடுமேன்:
எல்லோரும் ஸ்டாண்டு, சக்கரம், தூண் என்கிறீர்கள். ஆள் எங்கே நிற்கிறான் என்று யாரும் பேசவில்லை. நாங்கள்தான் நிற்கிறவர்கள், அதனால் எழுதுகிறேன்.

கண்ணாடி என்றாலே வெட்டுக்காயம் என்று கையுறை, மணிக்கட்டு உறை, ஏப்ரன் கொடுப்பார்கள். கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் உயிர் போவது வெட்டினால் மட்டுமில்லை, நசுங்கியும்தான். பத்து ஷீட் 6 மி.மீ. சேர்ந்து சாய்ந்தால் 670 கிலோ. ஒரு பட்டறையில் ஸ்டாண்டு பள்ளத்தில் ஆடியதும் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தவர் அனிச்சையாகக் கையை நீட்டித் தாங்கப் போனார். தொடை எலும்பு முறிந்தது. அவர் வேறு எந்தத் தப்பும் செய்யவில்லை, கண்ணாடியைக் காப்பாற்ற நினைத்தார், அவ்வளவுதான். விழும் ஷீட்டைப் பிடிக்காதே, விலகு என்று முதல் நாளே யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

ஸ்டாண்டை உருட்டினால் முனைகளில் நின்றுதான் தள்ள வேண்டும். கண்ணாடி முகத்துக்கு எதிரே, அது விழக்கூடிய தூரத்துக்குள் ஒருவரும் இருக்கக் கூடாது. இரண்டு ஸ்டாண்டுக்கு நடுவில் புகுந்து தள்ளச் சொல்கிற மேஸ்திரிகள் இன்னும் இருக்கிறார்கள். பெல்ட்டை அவிழ்க்கிற நேரம்தான் எனக்குப் பயம். அதுவரை பெல்ட் பிடித்துக்கொண்டிருந்ததா, சாய்வு பிடித்துக்கொண்டிருந்ததா என்று அவிழ்த்த பிறகுதான் தெரியும்.

கட்டிங் டேபிள்:
லோடுமேன் தம்பி சொன்ன கடைசி வரி என் வாதத்துக்கே எதிரானது, ஆனாலும் அது சரி. பெல்ட் இருக்கிறதே என்று சாய்வைப் பார்க்காமல் விடுவது நடக்கிறது.

களிமண் பூமி:
சிவில் வேலை பார்க்கிறேன். தளம் மாறாத ஒன்று என்று எல்லோருமே எடுத்துக்கொள்வதுதான் எனக்கு உறுத்துகிறது. களிமண் மேல் மூன்று அங்குலக் கான்கிரீட் ஊற்றிய ஷெட்டுகளில் தளம் மழைக்கு உப்பும், கோடைக்கு இறங்கும். ஜனவரியில் ரசமட்டம் வைத்துத் தகடு கொடுத்து நிறுத்திய நிலை ஸ்டாண்டு, மே மாதம் அதே மட்டத்தில் இருக்கும் என்று நம்பாதீர்கள். நிலையாக நிற்கிற ஸ்டாண்டுதான் பாதுகாப்பு என்ற வாதம் இங்கே அடிபடுகிறது. அந்த மெல்லிய கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட்டும் பிடிக்காது, இழுத்தால் கான்கிரீட்டோடு வரும். அடியில் நீளமான சேனல் கொடுத்து எடையைப் பரப்ப வேண்டும்.

தளத்தைச் சரிசெய்யுங்கள் என்பதுதான் என் பதில். முழு ஷெட்டையும் உடைக்க வேண்டாம். கேட்டிலிருந்து கட்டிங் டேபிள் வரை ஆறடி அகலத்துக்கு ஒரு பாதை. பழையதை வெட்டி எடுத்து, அடியில் கெட்டித்து, கம்பி போட்டு ஊற்றுங்கள். குறைந்தது ஏழு நாள் தண்ணீர் விட்டு ஆற விடணும், முழு பலத்துக்கு 28 நாள் கணக்கு. சரிவு தேவையென்றால் பாதையின் நீளவாக்கில் கொடுங்கள், குறுக்கே கொடுக்காதீர்கள். நீளச் சரிவில் ஷீட்டின் சாய்வு மாறாது, ஸ்டாண்டு ஓடாமல் பிடித்தால் போதும்.

கட்டிங் டேபிள்:
இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் செலவு யாருடையது? பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருக்கிறவன் அடுத்தவன் ஷெட்டுக்குத் தளம் போடுவானா?

களிமண் பூமி:
1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 32-வது பிரிவிலேயே, தளமும் நடைவழியும் உறுதியாக, பராமரிப்போடு இருக்கணும் என்று எழுதியிருந்தது. ஷெட் வாடகையா சொந்தமா என்பதைப் பார்த்து ஆள் காலில் கண்ணாடி விழாது சார்.

சேதராப்பட்டு ஷெட்:
நான் சொன்னதில் ஒரு திருத்தம். நிலை ஸ்டாண்டு என்றால் ஒரு தடவை நிறுத்திவிட்டு மறக்கிறதில்லை. எங்கள் ஸ்டாண்டு சட்டத்தின் மேல் முனையிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, ஆறடி கீழே குழாய்க்கும் நூலுக்கும் இடைவெளி அளந்தேன். 5 டிகிரிக்கு ஆறேகால் அங்குலம் வரணும். டேபிள் ஓரம் அது சரியாக வந்தது. கேட் ஓரம், பள்ளத்துப் பக்கச் சட்டத்தில் மூணே முக்கால். ஒரே ஸ்டாண்டு, ஒரே நாள். நம் சண்டைக்கு இதை எல்லோரும் ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு வரலாம்.

மழையையும் மறக்க வேண்டாம். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஷெட்டில் தண்ணீர் நின்றது. அடியில் கொடுத்த மரக்கட்டைகள் ஒரு பக்கம் ஊறி உப்பின, சாய்வு மாறியது. ஷீட்டுக்கு நடுவில் இருந்த காகிதம் தண்ணீரை மேலே இழுத்து, ஷீட் வெள்ளை பூத்தது. அதற்குப் பிறகு அடியில் ரப்பர்தான்.

முதுநகர் ஃபேப்ரிகேட்டர்:
மூணே முக்கால் என்றால் 3 டிகிரிதான். அந்த இடத்தில் ஸ்டாண்டு நிற்கவே கூடாது, உருட்டினாலும் சரி, நிறுத்தினாலும் சரி. பெயின்டில் கோடு போட்டு அந்த இடத்தை அடைத்துவிடுங்கள்.

கட்டிங் டேபிள்:
நாளைக்கு என் ஷெட்டிலும் குண்டு விட்டு அளக்கிறேன். வழி முழுக்க எங்கேயும் ஐந்து அங்குலத்துக்குக் கீழே போகவில்லை என்றால் உருட்டுவதை நிறுத்த மாட்டேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். போனால் அந்த இடத்துக்கு மட்டும் களிமண் பூமி சொன்ன பாதை, என் செலவில்.

வில்லியனூர் லோடுமேன்:
அளக்கும்போது ஸ்டாண்டு காலியாக இருக்கட்டும் அண்ணே. லோடு ஏற்றினால் அமுங்கும், அதையும் அப்புறம் ஒரு தடவை ஸ்டாண்டின் முனையில் நின்று பாருங்கள், நடுவில் போய் நிற்க வேண்டாம்.