ஒயினில் கொய்யா வாசனை அடித்தது எனக்கு மட்டும்தானா?

திண்ணைவாசி:

போன பிப்ரவரியில் அலுவலக நண்பர்களோடு நாசிக் போயிருந்தேன். கங்காபூர் அணைப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டம், அங்கேயே ஆலை, மாடியில் ஒயினைச் சுவைத்துப் பார்க்க ஒரு கூடம். அறுவடை நேரம். ஐரோப்பாவில் செப்டம்பர் வாக்கில் நடக்கும் வேலை இங்கே ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் முடிந்துவிடுகிறது. கீழே டிராக்டரில் பெட்டி பெட்டியாகப் பழம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

ஆளுக்கு ஐந்து கிளாஸ் வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு மடக்குதான். முதலில் வெள்ளை, சொவின்யோன் பிளாங் என்ற திராட்சையில் செய்தது. விளக்கம் சொல்ல வந்த பெண், "சுழற்றுங்கள், மூக்கை உள்ளே விடுங்கள், என்ன தெரிகிறது?" என்றார். எல்லோர் கண்ணும் மேஜையில் இருந்த அட்டைக்குப் போனது. கூஸ்பெர்ரி, வெட்டிய புல், பாஷன் ஃப்ரூட் என்று அதில் அச்சடித்திருந்தது. அவர்கள் சொல்லும் கூஸ்பெர்ரி நம் நெல்லிக்காய்கூட இல்லை, அது வேறு செடி. அதைக் கண்ணாலும் பார்த்திராத நண்பன் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு "யெஸ், கூஸ்பெர்ரி" என்றான்.

எனக்கு அடித்ததோ கொய்யா. கடையில் அடுக்கியிருக்கும் கொய்யாவும் இல்லை. தாத்தா வீட்டில் காயை அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பார்கள். இரண்டு நாள் கழித்து மூடியைத் திறந்தால் ஒரு வாசனை முகத்தில் வந்து மோதுமே, அது. சொல்லக் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து தேடினால், கொய்யாவிலும் இந்த ஒயினிலும் இருப்பது ஒரே வகைக் கந்தகச் சேர்மம்தானாம், தயோல் என்கிறார்கள். அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

இப்படி மூக்கில் பட்டதைச் சொல்லாமல் விழுங்கியவர்கள், சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் எல்லாம் எழுதுங்கள்.

லாசப்பல் தம்பி:

நல்ல கேள்வி அண்ணை. நான் 1994இல் பாரிஸ் வந்தவன். எங்கடை ஆட்கள் பலரைப் போல எனக்கும் முதல் வேலை உணவகத்தில் கோப்பை கழுவுவது. வைன் கிளாஸ் கழுவித் துடைத்தே மூன்று வருசம் போனது. வைனை வாயில் வைத்தது அதற்குப் பிறகுதான்.

அங்கே வைன் பரிமாறும் கிழவர் ஒருவர் இருந்தார். கடை மூடியதும், மேசைகளில் மிஞ்சிய போத்தல்களின் அடியை இரண்டு கிளாஸில் ஊற்றி என் முன்னால் வைப்பார். "குடிக்காதே, வாயில் வைத்திருந்து துப்பு. என்ன வித்தியாசம்?" ஒரு நாள் இடப்பக்கம் பொர்தோ ஊரின் இளம் சிவப்பு வைன், மெதொக் பகுதி, கபெர்னே திராட்சை கூடினது. வலப்பக்கம் பூர்கோன் பகுதிச் சிவப்பு, பினோ நுவார் திராட்சை. பொர்தோவை வாயில் வைத்ததும் நாக்கு வறண்டு ஈறெல்லாம் இழுத்துப் பிடித்தது. எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் "கசக்குது" என்றேன். கிழவர் தலையாட்டி, "கசப்பு இல்லை, வேறு ஒன்று. தேடு" என்றார்.

சரியாகச் சொன்னால் எனக்கு அந்தச் சொல் பிரெஞ்சில்தான் இல்லை. தமிழில் இருந்தது. துவர்ப்பு! நாவல்பழம், வாழைக்காய்த் தோல், சாயம் கூடின வெறுந்தேத்தண்ணி. எங்களுக்குச் சின்ன வயசிலேயே ஆறு சுவை என்று சொல்லித் தந்த கணக்கில் அதுவும் ஒன்று. அடுத்த நாள் ஒரு கிளாஸ் தேத்தண்ணியைக் கடுஞ்சாயமாகப் போட்டுக் கொண்டுபோய் கிழவரிடம் நீட்டினேன். ஒரு வாய் உறிஞ்சிவிட்டு என் முதுகில் அடித்துச் சிரித்தார். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வருகிற தனின் என்ற துவர்ப்புப் பொருள் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வாய் காய்கிறது என்று பிறகு விளங்கப்படுத்தினார். அதனால்தான் கொழுப்புள்ள இறைச்சியோடு சாப்பிட்டால் அந்தப் பிடி தளர்கிறது. ஆனால் எங்கடை உறைப்பு ஆட்டுக்கறியோடு இளம் பொர்தோவை வைத்துப் பாருங்கள், வாய் பற்றி எரியும். மதுசாரம் உறைப்பை ஏற்றிவிடும். கறிக்கு அல்சாஸ் வெள்ளை, கொஞ்சம் இனிப்பு மிஞ்சினது, அதுதான் என் தெரிவு.

இன்னொன்று. மேசைக்கு வரப் பழகிய காலத்தில் ஒரு நாள், வயதான சோடி ஒன்று கலியாண நாளுக்கு வந்திருந்தது. விலை கூடின பூர்கோன் கேட்டார்கள். தக்கையை இழுத்ததும் எனக்கு மணந்தது ஈரச் சாக்கு. மழைக்கு நனைந்த அரிசி மூட்டைக்குக் கீழே கிடக்குமே, அந்தச் சாக்கு. வாடிக்கையாளர் ஒரு வாய் வைத்துப் பார்த்து "நல்லது" என்று தலையசைத்துவிட்டார். உள்ளே போய் முதலாளியிடம் சொன்னேன். "அவரே சரி என்றால் உனக்கென்ன?" என்றார். கிழவர் ஒன்றும் பேசவில்லை. கீழ் அறைக்குப் போய் இன்னொரு போத்தலை எடுத்துவந்து தானே திறந்து, இரண்டையும் அந்த மேசையில் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றினார். முதல் கிளாஸில் பழமே இல்லை, செத்துக் கிடந்தது. இரண்டாவதை முகர்ந்ததும் அந்த அம்மா எதுவும் பேசாமல் கணவரின் கையைப் பிடித்தார். தக்கையில் பூஞ்சணத்தால் உண்டாகிற ஒரு பொருள் அது. ஒரு லீற்றரில் சில நானோகிராம் இருந்தாலே வைனைக் கெடுத்துவிடும். முதலாளி ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

யாரா நதி:

தம்பியின் சாக்கு வாசனையைப் படித்ததும் எனக்கு எங்கள் மிளகு நினைவுக்கு வந்தது. மெல்பர்னிலிருந்து கிராம்பியன்ஸ் மலைப் பக்கம் போயிருந்தோம். அங்கே ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் பிரபலம். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் சிரித்துவிட்டேன். அம்மியில் மிளகைத் தட்டிப்போட்டது மாதிரி அப்படியே ரசப்பொடி. மிளகு என்று நான் சொன்னதும் என் வீட்டுக்காரர், "உனக்கு எதைக் கொடுத்தாலும் சமையல்கட்டுதான்" என்றார். அவர் மூக்குக்கு ஒன்றுமே தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஆஸ்திரேலியர் ஒருவர் என் பக்கம் பேசினார், அவர் மனைவி என் வீட்டுக்காரர் பக்கம்.

ஊற்றிக்கொடுத்த பையன்தான் பஞ்சாயத்தைத் தீர்த்தான். ரோட்டண்டோன் என்ற பொருள், மிளகில் இருப்பதே இந்தத் திராட்சையிலும் இருக்கிறது. 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனை எட்டவே எட்டாதாம். வீட்டுக்காரர் அந்த ஐந்தில் ஒருவர். இருபது வருடமாக என் மிளகு ரசத்தை "நல்லா இருக்கு" என்று எதை வைத்துச் சொன்னார் என்று வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன்.

தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோஸா பக்கத்து ஷிராஸில் இந்த மிளகு அவ்வளவாக இல்லை. அங்கே வெயில் அதிகம். பழத்தைக் காய்ச்சிய ஜாம் மாதிரி கனமாக இருக்கும். குளிர்ந்த இடத்தில்தான் மிளகு தூக்கலாக வரும். அப்புறம், கார் ஓட்டுகிறவர் துப்பித்தான் ஆகவேண்டும். இங்கே ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதம் தாண்டினால் மாட்டிக்கொள்வோம். துப்புவது முதலில் அசிங்கமாக இருந்தது. வெற்றிலை போட்ட பரம்பரைதானே, இரண்டாவது கிளாஸில் பழகிவிட்டது.

மொசெல்வாசி:

மிளகு, சாக்கு எல்லாம் பரவாயில்லை. எனக்கு அடித்தது மண்ணெண்ணெய்.

ஜெர்மனிக்கு வேலைக்கு வந்த இரண்டாம் வருடம். மொசெல் ஆற்றங்கரையில் பெர்ன்காஸ்டல் பக்கம் ஒரு சின்ன விவசாயி வீடு. கரையெல்லாம் பலகைக்கல் சரிவு. ஆள் நிற்கவே பயப்படுகிற செங்குத்தில் கொடி நட்டிருக்கிறார்கள். பகலில் அந்தக் கறுத்த பலகைக்கல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி கொடிக்கு விட்டுக்கொடுக்கும் என்றார் அவர். பத்துப் பன்னிரண்டு வருடம் பழசான ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் ஒன்றைத் திறந்தார். முகர்ந்தால் ரேஷன் கடை வரிசை. கையில் பிளாஸ்டிக் கேன், புனல், அந்த நீல மண்ணெண்ணெய். கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். வீட்டுக்காரர் ஆசையாகத் திறந்ததைக் கெட்டது என்று எப்படிச் சொல்வது? கடைசியில் தயங்கித் தயங்கி, "பெட்ரோல் மாதிரி..." என்று இழுத்தேன். மனிதர் எழுந்து வந்து கையைக் குலுக்கினார்! வயதான ரீஸ்லிங்குக்கு அதுதான் அடையாளமாம். வெயிலில் நன்றாகப் பழுத்த பழத்தில் உள்ள சில நிறமிகள் சிதைந்து பாட்டிலுக்குள் வருடக்கணக்கில் அப்படி மாறுகின்றன.

அடுத்துக் கொடுத்தது அதே தோட்டத்தின் போன வருடத்துக் கபினெட், ரீஸ்லிங்கிலேயே இலேசான வகை. 8 சதவீதம்தான் ஆல்கஹால். இனிப்பு இருக்கிறது, ஆனால் புளிப்பு அதை ஓங்க விடவில்லை. வெல்லமும் புளியும் சரியாக விழுந்த பச்சடி போல. இனிப்பு ஒயின் என்றாலே மட்டம் என்று பேசுகிறவர்களை அங்கே ஒரு மணி நேரம் உட்கார வைக்க வேண்டும்.

சந்தேகப்பிராணி:

எல்லாம் சரி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். 2001இல் பொர்தோ ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஒயின் படிப்பு படிக்கிற 54 மாணவர்களிடம் வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வார்த்தைகளையே அவர்கள் அதற்கும் எழுதினார்கள். கண் சொன்னதை மூக்கு ஒப்பித்தது. 1976 மே 24இல் பாரிஸில் நடந்த மறைத்துவைத்த சோதனையில் பிரெஞ்சு நடுவர்களே கலிபோர்னியாவின் ஷாதோ மான்டெலீனாவை வெள்ளையிலும் ஸ்டாக்ஸ் லீப்பைச் சிவப்பிலும் முதலாவதாகத் தேர்ந்தெடுத்ததும் ஊரறிந்த கதை. லேபிள் தெரிந்திருந்தால் நடந்திருக்குமா?

அதனால் சிங்கப்பூரில் எங்கள் வீட்டிலேயே ஒரு நாள் வைத்துப் பார்த்தேன். ஐந்து சிவப்பு ஒயின்கள், எல்லாவற்றிலும் தமிழ் முரசு தாளைச் சுற்றி அ, ஆ, இ, ஈ, உ என்று எழுதினேன். ஆனால் அ, ஈ இரண்டும் ஒரே ஒயின். நான்கு நண்பர்கள், பத்துக்கு மதிப்பெண். ஒருவர் 'அ'வுக்கு 8 போட்டு 'ஈ'க்கு 4 போட்டார். "ஈ ரொம்பத் தட்டை" என்று குறிப்பு வேறு. விலை குறைந்த சிலி நாட்டு ஒயினுக்கு முதல் இடம். நான் வெற்றிப் புன்னகையோடு தாளைக் கிழிக்கப் போகும்போது, குடிக்காத என் மாமியார் சமையலறையிலிருந்து வந்து ஐந்தையும் வரிசையாக மோந்து பார்த்தார். "இதுவும் இதுவும் ஒண்ணுதானே மாப்பிள்ளை" என்று 'அ'வையும் 'ஈ'யையும் நகர்த்தி ஒன்றாக வைத்துவிட்டுப் போய்விட்டார். என் வாதத்தில் அவரை எங்கே வைப்பது என்று இன்னும் புரியவில்லை.

திண்ணைவாசி:

மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் பார்த்தது இரண்டும் ஒன்றா இல்லையா என்பதை மட்டும்தான். உங்கள் நண்பர்கள் மதிப்பெண் போட்டார்கள். மாணவர்கள் வார்த்தை தேடினார்கள்.

உங்கள் வீட்டில் எந்தச் சூட்டில் ஊற்றினீர்கள் என்பதையும் கேட்க வேண்டும். சென்னையில் ஒரு பெரிய உணவகத்தில் சிவப்பு ஒயினை "ரூம் டெம்பரேச்சர் சார்" என்று பெருமையாக வைத்தார்கள். மே மாதம், பாட்டில் வெந்நீராக இருந்தது. மூக்கில் ஏறியது ஸ்பிரிட் வாடை மட்டும்தான். அந்த 'ரூம்' பழைய ஐரோப்பிய வீட்டின் ரூம், 16 முதல் 18 டிகிரி. நம் ஊரில் சிவப்பையும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஐஸ் கொண்டுவாருங்கள் என்றதற்கு அந்த சர்வர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

கம்பம் பள்ளத்தாக்கு:

நான் குடிக்கிறவன் இல்லை, விளைவிக்கிற வீடு. எங்கள் பக்கம் பன்னீர் திராட்சைதான். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் வெளிநாட்டுப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க் என்பதே எனக்குப் படிக்க வெளியூர் போனபிறகுதான் தெரியும். பிரான்சிலிருந்து வந்த நண்பன் ஒரு பாட்டில் கொடுத்தான். தெற்கே போம் த வெனீஸ் என்ற ஊரின் மஸ்கட், இனிப்பு வெள்ளை. தக்கையை எடுத்ததும் கல்யாண வாசலில் பன்னீர் தெளிப்பார்களே, அந்த வாசனை. ரோஜாவில் இருக்கிற ஜெரானியோல் மஸ்கட் குடும்பத்துப் பழங்களிலும் இருக்கிறதாம். எங்கள் ஊரில் 'பன்னீர்' என்று பேர் வைத்தவர் யாரோ, மூக்கு நன்றாக இருந்திருக்கிறது.

அப்பாவிடம் கொடுத்தேன். முதலில் வேண்டாம் என்றார். பிறகு டம்ளரைக் கையால் மூடி, திறந்து, மோந்து பார்த்தார். ஒரு வாய் வைத்தார். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு எத்தனை கிலோ பழம் போகும்?" என்றார். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட என்றேன். "பாட்டில் என்ன விலை?" அதையும் சொன்னேன். அந்த வாரம் எங்கள் பழத்தைத் தோட்டத்தில் கிலோ என்ன விலைக்கு எடுத்தார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். மிச்சம் இருந்த ஒரு வாயையும் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைக்கப் போனார்.