வென்ட்னர் பல்லி கப்பலில் வந்ததா?

ஆந்தைக்கண்ணன்:
இந்த மன்றத்தில் ஒருவர், இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய வைட் தீவில் வென்ட்னர் தாவரவியல் பூங்காச் சுவர்களில் ஓடும் சுவர்ப்பல்லிகள் (common wall lizard; நம் வீட்டுப் பல்லி அல்ல) உடைந்த கப்பலிலிருந்து கரையேறியவை, அதனால் அவையும் இங்கிலாந்துப் பல்லிகள்தான் என்று அளந்துவிட்டிருக்கிறார். எந்தக் கப்பல்? பெயர் வேண்டும்.

கடலோடி:
அது நான்தான். 19ஆம் நூற்றாண்டுக் கப்பல் என்று ஊரே சொல்கிறது. உங்களிடம் அனுமதிச்சீட்டு வாங்கிவிட்டா கரையேறும்?

ஆந்தைக்கண்ணன்:
பெயர்?

புல்வெளி:
பெயரை விடுங்கள். இங்கிலாந்தில் உள்ள இந்தப் பல்லிகளின் பூர்வீகம் பிரான்சும் இத்தாலியும் என்று மரபணு ஆய்வு காட்டிவிட்டது. பல இடங்களில் மனிதர்களே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். பிரிட்டனின் 1981 வனவிலங்குச் சட்டத்தின் 9ஆவது அட்டவணைப்படி இதை வெளியே விடுவதே குற்றம்.

கடலோடி:
இத்தாலியிலிருந்து நடந்தா வரும்? கப்பல்தானே! என் பக்கம் சாட்சி சொன்னதற்கு நன்றி.

ஆந்தைக்கண்ணன்:
ஆக, பெயர் தெரியாது. வெயில் பட்ட கல்லில் உடம்பைத் தட்டையாக்கிக் குளிர்காயும் பிராணி, ஆங்கிலக் கால்வாயில் நீச்சலடித்ததாம். கேட்பவன் கேனையன் என்றால்...

ஜெர்சிக்காரி:
ஜெர்சித் தீவில் மான்ட் ஆர்கே கோட்டைச் சுவரில் இதே பல்லி இயற்கையாகவே வாழ்கிறது. அதையும் வந்தேறி என்பீர்களோ?

ஆந்தைக்கண்ணன்:
ஜெர்சி பிரான்ஸ் கரையோரம் இருக்கிறது. பேச்சை மாற்றாதீர்கள். கப்பல்!

புல்வெளி:
இங்கிலாந்தின் சொந்தப் பல்லியான மணல்பல்லி பெரும்பாலும் வருஷத்துக்கு ஒருமுறைதான் முட்டையிடும். சுவர்ப்பல்லி இரண்டு மூன்று முறை இடும். போதாததற்கு, குளிருக்கு ஈடுகொடுக்க முட்டையைக் கூடுதல் நாள் வயிற்றிலேயே வைத்துக்கொள்கிறது, கருவும் வேகமாக வளர்கிறது. கவலைப்பட வேண்டியது இதற்குத்தான்.

கடலோடி:
குளிரைத் தாங்குகிறது அல்லவா? அப்புறம் என்ன, இந்த ஊர்க்காரன்தான்!

ஆந்தைக்கண்ணன்:
புல்வெளி, முட்டையை அப்புறம் பார்க்கலாம். கப்பல் பெயர் இன்னும் வரவில்லை.

கடலோடி:
முன்பு இங்கே நடந்த நரி விவாதத்தில் மூக்குடைபட்ட கடுப்பு இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது.

ஆந்தைக்கண்ணன்:
மூக்குடைபட்டது நானா? பாதியில் கழன்றுகொண்டது யார்? அங்கேயும் ஆதாரம் கேட்டேன், "ஊரே சொல்கிறது" என்றுதான் சொன்னீர்கள்.

ஜெர்சிக்காரி:
கரையோரமாம்! ஜெர்சியை வரைபடத்திலாவது பார்த்திருக்கிறீர்களா, ஐயா?

ஆந்தைக்கண்ணன்:
பார்த்தேன். கப்பல் எதுவும் தெரியவில்லை.

கடலோடி:
வென்ட்னர் போய்க் கேளுங்கள்.

ஆந்தைக்கண்ணன்:
யாரை, பல்லியையா? நரி விவாதத்தின் இணைப்பைப் போடுகிறேன். யார் ஓடினார்கள் என்று எல்லோரும் பார்க்கட்டும்.