சுர்ரோ எண்ணெயில் வெடிக்கிறது, எங்கே தவறுகிறேன்?

கயல்:
மாட்ரிட்டுக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. 1894 முதல் நடக்கும் சான் ஹினேஸ் கடையில் சுர்ரோவை (மாவைப் பிழிந்து எண்ணெயில் பொரிக்கும் ஸ்பெயின் நாட்டுப் பலகாரம்) கெட்டிச் சாக்லேட்டில் தோய்த்துச் சாப்பிட்ட நாளிலிருந்து, வீட்டிலும் செய்ய வேண்டும் என்ற ஆசை. இணையத்தில் கிடைத்த குறிப்புப்படி மாவு, வெந்நீர், அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர் சேர்த்துக் கிளறினேன். பிழிவதற்கு ஒன்றும் இல்லாததால் பிளாஸ்டிக் பையின் முனையை வெட்டி, பெருவிரல் பருமனில் எண்ணெயில் விட்டேன். முதல் ஈடு நன்றாக வந்தது. இரண்டாம் ஈட்டில் ஒன்று பட்டென்று வெடித்து, எண்ணெய் முழங்கை வரை தெறித்தது. கொப்புளம் ஆறிவிட்டது. ஆனால் அப்போது என் மகள் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தாள். எண்ணெய் அதிகமாகக் காய்ந்துவிட்டதா, மாவில் பிழையா?

செண்பகம்_மாலகா:
கயல், முதலில் ஒன்று: அந்தப் பிளாஸ்டிக் பையை இனி இதற்குத் தொடாதீர்கள். வட்ட ஓட்டை வழியே வரும் மாவு உருளையாக, வழவழப்பாக இருக்கும். எண்ணெயில் விழுந்ததும் மேல்தோல் இறுகிவிடும். உள்ளே ஆவியாகும் நீருக்கு வெளியேற வழி இல்லை. சுர்ரோவில் உள்ள வரிகளை அழகுக்காக என்று நினைத்துவிடக் கூடாது. நட்சத்திர அச்சில் பிழிந்தால் வெப்பம் உள்ளே சீராக ஏறும், பள்ளங்களின் வழியே ஆவியும் பிரியும்.

இது சிறிய ஆபத்து இல்லை. 2004இல் சிலி நாட்டில் ஒரு நாளிதழ் வெளியிட்ட சுர்ரோ குறிப்பைப் பின்பற்றிப் பலர் தீக்காயம் அடைந்தார்கள். அதில் சொல்லியிருந்த எண்ணெய்ச் சூடு மிக அதிகம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2011இல் இழப்பீடு கொடுக்கத் தீர்ப்பானது. அதைப் படித்த பிறகு நான் வெப்பமானி இல்லாமல் சுர்ரோ பொரிப்பதில்லை. 185 முதல் 190 டிகிரி வரை போதும்.

அடுத்தது பேக்கிங் பவுடர். சுர்ரோவுக்கு அது வேண்டவே வேண்டாம். மாவு, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். முட்டையும் வெண்ணெயும் சேர்க்கும் குறிப்புகள் இங்கே வீடுகளில் செய்வதைச் சொல்லவில்லை. மாட்ரிட்டில் தடிமனாகக் கிடைக்கும் போர்ரா வேறு. அதற்குத்தான் சோடா உப்பு. பெரிய சுருளாகப் பிழிந்து, இரண்டு நீளக் குச்சிகளால் புரட்டி, கத்தரியால் வெட்டுவார்கள். அதைக் கடைக்காரரிடமே விட்டுவிடலாம்.

இங்கே மாலகாவில் சுர்ரோவைத் தெஹெரிங்கோ என்கிறார்கள். கீழ்வீட்டுப் பாட்டி எனக்குக் கற்றுத்தந்த அளவு: 250 கிராம் மாவு, 250 மில்லி தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது மாவின் மேல் ஒரே தடவையில் ஊற்றி, மரக்கரண்டியால் விடாமல் கிளற வேண்டும். உலர்ந்த மாவுக் கட்டி ஒன்றுகூட இருக்கக் கூடாது, வெடிப்புக்கு அதுவும் காரணம். கை பொறுக்கும் சூட்டில் அச்சில் அடைத்துவிடுங்கள். ஆறினால் இறுகிப்போய்ப் பிழிய வராது. அடைக்கும்போது நடுவில் காற்று நிற்காமல் அழுத்துங்கள்.

ஊரிலிருந்து முறுக்கு உரல் கொண்டுவந்திருக்கிறீர்களா? முள்ளு முறுக்கு அச்சு இருந்தால் அதுவே போதும். கடைச் சுர்ரோவைவிட மெலிதாக வரும், ஆனால் மொறுமொறுப்பு அருமை.

தேனருவி:
செண்பகம் அக்கா, எனக்கும் ஒரு சந்தேகம். இடியாப்பத்துக்கு மாவில் கொதிநீர் ஊற்றுவதுபோலத்தானே இதுவும்? எண்ணெயில் நேராகப் பிழிவதா, தட்டில் பிழிந்து போடுவதா?

செண்பகம்_மாலகா:
ஆமாம், அதே வேலைதான். கொதிநீர் பட்டதும் மாவு பாதி வெந்து நீரைப் பிடித்துக்கொள்ளும். பழகும் வரை எண்ணெய் தடவிய தட்டில் பிழிந்து, ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையைப் பிடித்து மெல்ல நழுவ விடுங்கள். ஒரு ஈட்டுக்கு நான்குக்கு மேல் வேண்டாம். மேலே வெறும் சர்க்கரைதான் தூவுவார்கள். பட்டைத்தூள் மெக்சிகோ வழக்கம். எனக்கும் பிடிக்கும், ஆனால் பாட்டி பார்த்தால் முகம் சுளிப்பார்.

கயல்:
அக்கா, நேற்று மாலை செய்தேன். அம்மா பெட்டியில் திணித்து அனுப்பிய பித்தளை உரல் எட்டு மாதமாகப் பிரிக்காமலே இருந்தது. சூட்டு மாவு போட்டதும் உரலும் சுட்டது. துணி சுற்றிப் பிடித்துக்கொண்டேன். மகளைக் கூடத்தில் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தேன். பதினெட்டு சுர்ரோ, ஒன்றுகூட வெடிக்கவில்லை. முதல் நான்கு மட்டும் வெளுத்துப் போயின, எண்ணெய் 170இல் இருக்கும்போதே அவசரப்பட்டுவிட்டேன்.

சாக்லேட்தான் பாயசம்போல ஓடியது. பாலில் அதைக் கெட்டியாக்குவது எப்படி?

செண்பகம்_மாலகா:
அரை லிட்டர் பாலுக்கு ஒரு மேசைக்கரண்டி சோளமாவு. குளிர்ந்த பாலிலேயே கரைத்துக்கொண்டு, பிறகு சூடாக்குங்கள். கரண்டியின் பின்பக்கம் படியும்போது இறக்கிவிடுங்கள், ஆறினால் இன்னும் இறுகும்.