மாத்திரை அளவைப் பற்றி டாக்டரிடம் கேளுங்க (மாற்றிய தலைப்பு)

குடியாத்தம்_தங்கச்சி
எங்க அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். வேற எந்த மாத்திரையும் பிடிக்காம கடைசியா க்ளோசபின் ஆரம்பிச்சு ஆறு வருஷம் ஆகுது. ராத்திரி 400 மில்லிகிராம். காதுல குரல் கேக்கறது நின்னு, பவர்லூம்ல லுங்கி ஓட்டப் போற அளவுக்குத் தேறிட்டாரு. எங்க அம்மா பீடி சுத்தறவங்க. முறத்துல கழிச்சு ஒதுக்கற பீடியெல்லாம் அண்ணனுக்குத்தான். ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு போகும்.

போன கார்த்திகை ஒண்ணாம் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டாரு. அன்னிக்கே பீடியை விட்டாரு. எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். பத்து நாள்ல தலையணை முழுக்க எச்சில் ஊறிக் கெடந்துச்சு. பஜனையில உக்காந்தபடியே தூங்கினாரு. பச்சத்தண்ணிக் குளியல், ஒருவேளைச் சாப்பாடு, அந்த அசதிதான்னு விட்டுட்டோம். பதினாறாம் நாள் விடியக்காலைல கிணத்தடியில வலிப்பு வந்து விழுந்தாரு. சொம்பு உருண்டு போற சத்தம் கேட்டுத்தான் நான் ஓடினேன்.

ரத்தத்துல மருந்து எவ்வளவு இருக்குன்னு பாத்தாங்க. முன்னாடி ஒரு மில்லி ரத்தத்துல 430 நானோகிராம் இருந்தது 980 ஆகியிருந்துச்சு. மாத்திரை அதே 400தான். பீடிப் புகை உள்ள போனா ஈரல் இந்த மருந்தை வேகமா அழிச்சிடுமாம். புகை நின்னதும் மருந்து உடம்புலயே தேங்கிப் போச்சு.

ஆறு வருஷமா மாசாமாசம் போறோம். பீடி குடிக்கிறாரான்னு ஒருத்தரும் கேக்கல, நாங்களும் சொல்லல. அதனாலதான் இந்தத் தலைப்பு வெச்சேன்: "மாத்திரை அளவைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்க."

காட்பாடி_அப்பா
தங்கச்சி, உங்க அண்ணன் பிழைச்சதுக்கு அந்த ஐயப்பனுக்கு நன்றி. ஆனா இந்தத் தலைப்பைப் பாத்து எனக்கு நெஞ்சு பதறுது.

என் பையனுக்கு 31 வயசு. நல்லாத்தான் இருந்தான். "எதுக்கு இவ்ளோ மாத்திரை, புள்ள குண்டாயிட்டான், பாதியா குடுங்க"ன்னு சொந்தக்காரங்க ஆளாளுக்குச் சொன்னாங்க. நானே பாதியா உடைச்சுக் குடுத்தேன். என் கையால உடைச்சேன். ரெண்டு மாசம் ஒண்ணும் தெரியல. மூணாம் மாசம் காட்பாடி ஜங்ஷன்ல எந்த ரயில்லயோ ஏறிட்டான். பதினோரு நாள் கழிச்சு விஜயவாடாவுல கெடைச்சான். கால்ல செருப்பு இல்ல. என்னை அடையாளம் தெரியல.

குறைக்கச் சொல்லுங்கன்னு பொதுவுல எழுதினா, படிக்கிறவங்க டாக்டர்கிட்ட போக மாட்டாங்க. வீட்லயே உடைப்பாங்க.

ராணிப்பேட்டை_தையல்
ஐயா, நான் நோயாளி. ஷூ கம்பெனியில மேல்தோல் தைக்கிறேன். இங்க எல்லாரும் அண்ணன், பையன்னு பேசறீங்க. மாத்திரை முழுங்கற ஆளும் ஒருத்தன் பேசணும்.

எனக்கு ரிஸ்பெரிடோன், அதுவும் மனநல மாத்திரைதான். போன வருஷம் மனச்சோர்வுன்னு வேற ஒரு கிளினிக்ல ஃப்ளூக்ஸடின் எழுதினாங்க. மூணு வாரத்துல கை உதற ஆரம்பிச்சுது. ஊசிக்கு நூல் கோக்க முடியல, தோல் பீஸ் நாலு கெட்டுப்போச்சு, சூப்பர்வைசர் திட்டினாரு. நோய் முத்துதுன்னு நெனச்சு மாத்திரையை இன்னும் ஏத்தினாங்க. அப்புறம்தான் ஒரு டாக்டர் ரெண்டு சீட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாரு. ஃப்ளூக்ஸடின் ரிஸ்பெரிடோனை ஈரல்ல அழிய விடாதாம், அது உடம்புல தேங்கிடுமாம். குறைச்சதும் கை உதறல் நின்னுது.

மூளையில டோபமின் ஏற்பிகள்னு, இந்த மருந்து போய் ஒட்டற இடங்கள் இருக்கு. அதுல மூணுல ரெண்டு பங்கு மூடினாலே பெரும்பாலானவங்களுக்கு மருந்து வேலை செய்யும். 80 சதவீதம் தாண்டினா உதறலும் விறைப்பும்தான் கூடும்னு ஸ்கேன் ஆய்வுகள் ரொம்ப நாள் முன்னாடியே காட்டியிருக்கு. ஏத்தறது மட்டும்தான் வைத்தியமா? 2017 மனநலச் சட்டம் சிகிச்சையைப் பத்தித் தெரிஞ்சுக்கற உரிமையை எனக்குக் குடுத்திருக்கு. குறைங்கன்னு கேக்கறதுல என்ன தப்பு?

காட்பாடி_அப்பா
தம்பி, நீங்க கேக்கலாம். உங்களுக்குக் கேக்கற தெளிவு இருக்கு. என் பையனுக்கு நோய் திரும்பினப்ப, தனக்கு நோயே இல்லன்னான். கை உதறினா வேலை போகும். புள்ளையே போயிட்டா?

நர்ஸம்மா_சத்துவாச்சாரி
30 வருஷம் மனநல வார்டுல இருந்தவ நான். ரெண்டு பேர் சொல்றதும் எனக்குத் தெரிஞ்ச விஷயம்தான், ஆனா ரெண்டும் ஒரே விஷயம் இல்ல.

தங்கச்சி வீட்ல நடந்தது நோய் குறைஞ்சு மருந்தைக் குறைக்கறது இல்ல. உடம்புல மருந்து ஏறிப்போனதை சரி பண்றது. க்ளோசபின் ஒரு மில்லி ரத்தத்துல 350 நானோகிராமுக்கு மேல இருந்தாத்தான் பலருக்குப் பலன் தெரியும். ரொம்ப ஏறினா வலிப்பு. பீடி, சிகரெட் ரெண்டும் ஒண்ணுதான். நிகோடின் காரணம் இல்ல, எரியற புகைதான் காரணம். வாயில அடக்கற புகையிலைக்கு இந்த வேலை கிடையாது. டீ, காபி அதிகமானா மருந்து ஏறும். காய்ச்சல், நெஞ்சுச்சளி வந்தாலும் ஏறும். சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை போட்டா நல்லாவே ஏறும். இந்த டெஸ்ட்டுக்கு ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழிச்சு, காலை மாத்திரைக்கு முன்னாடி ரத்தம் எடுக்கணும். சாயங்காலம் எடுத்துட்டு வந்த ரிப்போர்ட்டை வெச்சு எத்தனை பேர் குழம்பியிருக்காங்க!

பாகாயம் சி.எம்.சி. மனநல மையத்துல நோயாளியோட வீட்டு ஆளும் தங்கறது பல வருஷப் பழக்கம். எத்தனை பீடி, எத்தனை டீ, எத்தனை நாளா வெளிக்குப் போகலன்னு வீட்டு ஆளுக்குத்தான் தெரியும். க்ளோசபின்ல மலச்சிக்கலே உயிரை எடுத்திருக்கு, அதையும் சொல்லுங்க.

தையல் தம்பி, குறைக்கறது பத்தி நெதர்லாந்துல ஒரு ஆய்வு 2013ல வந்துச்சு. முதல் தடவை நோய் வந்து தேறினவங்கள்ல, ஆரம்பத்துலயே குறைச்சுப் பாத்தவங்கள்ல, குறைக்காதவங்களை விட அதிகம் பேர் ஏழு வருஷம் கழிச்சு வேலை, வீடுன்னு நல்லா இருந்தாங்க. அதை நம்பி இங்கிலாந்துல ரொம்ப நாள் நோயாளிங்க 253 பேரை வெச்சுப் பாத்தாங்க, 2023ல வெளியாச்சு. மெல்ல மெல்லக் குறைச்சும், ரெண்டு வருஷத்துல கடுமையா நோய் திரும்பினது 25 சதவீதம் பேருக்கு. குறைக்காதவங்கள்ல 13. அன்றாட வாழ்க்கையும் மேம்படல. அப்பா பயப்படறது சரிதான்.

ராணிப்பேட்டை_தையல்
அதே கணக்குல 75 பேருக்கு அப்படித் திரும்பலையே அம்மா. அந்த 75ல நான் இருக்கேனான்னு பாக்க வேணாமா?

நர்ஸம்மா_சத்துவாச்சாரி
பாக்கணும். டாக்டரோட, மாசக்கணக்குல, சின்னச் சின்னதா. தூக்கம் கெடுதான்னு வீட்ல ஒருத்தர் கவனிக்க இருக்கணும். தனியாப் பாக்காதீங்க, அது ஒண்ணுதான் நான் கெஞ்சறது.

மெடிக்கல்_வேலூர்
கடையில நிக்கறவன் சொல்றேன். ரெண்டு வருஷம் முந்தின சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கறவங்க நெறைய. சீட்டுல இருக்கற அளவு அப்போ சரி. இப்போ?

காட்பாடி_அப்பா
தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். மலைக்குப் போயிட்டு வந்து அண்ணன் மாலையைக் கழட்டினப்புறம் பீடி என்னாச்சு?

குடியாத்தம்_தங்கச்சி
கேட்டீங்களே ஐயா. மறுநாளே பத்த வெச்சுட்டாரு. விரதத்துல டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா 225 வரைக்கும் குறைச்சிருந்தாரு. அதே அளவுல விட்டிருந்தா திரும்பக் குரல் கேட்டிருக்கும். இந்தத் தடவை நாங்க அந்த வாரமே போயி "பீடி ஆரம்பிச்சுட்டாரு"ன்னு சொன்னோம். ரத்தம் பாத்து மறுபடி ஏத்தினாரு. அப்போ நான் "ஏத்துங்க"ன்னு நின்னேன். இப்போ எழுதறப்பதான் புரியுது, என் தலைப்புல பாதி தப்பு.

நர்ஸம்மா_சத்துவாச்சாரி
யாத்திரை பஸ்ல மாத்திரைப் பையை யார்கிட்ட குடுத்தீங்க? குருசாமிகிட்ட ஒரு பட்டை தனியாக் குடுத்து வையுங்க. 48 மணி நேரத்துக்கு மேல க்ளோசபின் விட்டுப்போனா பழைய அளவை அப்படியே போடக்கூடாது. 12.5லேருந்து திரும்ப ஆரம்பிக்கணும், அதுவும் டாக்டர் சொல்லித்தான்.

காட்பாடி_அப்பா
"குறைக்க"ங்கற வார்த்தையை மட்டும் எடுத்துடும்மா. ராத்திரி தூக்கம் வராம எவனாவது ஒரு அப்பன் இதைத் தேடிப் படிப்பான். மாத்திரையை உடைக்கப் பிளேடு கையில இருக்கும்.

ராணிப்பேட்டை_தையல்
எனக்கு அந்த வார்த்தை வேணும் ஐயா. ஆனா உங்களுக்காகச் சரி, எடுக்கட்டும். நான் வியாழக்கிழமை டாக்டரைப் பாக்கறப்ப வாயாலயே கேட்டுக்கறேன்.

குடியாத்தம்_தங்கச்சி
தலைப்பை மாத்திட்டேன் ஐயா. அம்மா ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி வெச்சிருக்காங்க. பீடி எத்தனை, டீ எத்தனை, காய்ச்சல், மலம் போனது எல்லாம் தேதி போட்டு எழுதறாங்க. இந்தக் கார்த்திகைக்கும் மாலை போடுவேன்னு அண்ணன் சொல்லியிருக்காரு. ஐப்பசி கடைசி வாரமே நோட்டோட டாக்டரைப் பாக்கப் போறோம்.