மறு: ஃபிளாகிங்குக்குத் தமிழ்: களையெடுப்பா, விலக்குக்குறியா?

> தம்பி, நம் தமிழாக்கத்தில் ஃபிளாகிங்குக்கு, அதாவது வானொலி வானியல் தரவில் கெட்ட அளவீடுகளைக் குறித்து வைப்பதற்கு, 'களையெடுப்பு' என்று போட்டுவிடலாமே? எல்லாருக்கும் புரியும்.

வணக்கம் அண்ணே,

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். களையைப் பிடுங்கினால் போச்சு. இங்கே எதுவும் போவதில்லை. வானொலித் தொலைநோக்கித் தரவை அலசும் காசா (CASA) மென்பொருளில் ஒரு தரவுத் தொகுப்பைத் திறந்து பாருங்கள்: அளவீடுகள் ஒரு நெடுவரிசை, ஃபிளாக் தனி நெடுவரிசை. அதில் ஆம், இல்லை மட்டும்தான். 'ஆம்' என்றால் அந்த எண் கணக்கில் சேராது, ஆனால் இருந்த இடத்திலேயே இருக்கும்.

மண்டபம் ஊரில் மொட்டைமாடியில் 20.1 மெகாஹெர்ட்ஸுக்கு இருமுனை ஆன்டெனா கட்டியிருக்கிறோம், ஏறக்குறைய 7 மீட்டர் கம்பி. இரவில் வியாழனின் வானொலி அலைகள், பகலில் சூரியனுடையவை. கடற்காற்றில் மின்கம்பத்துப் பீங்கானில் உப்புப் படிந்து பொறி விட்டால், அலைமாலைப் படத்தில் (கிடையாக நேரம், செங்குத்தாக அலைவெண்) மேலிருந்து கீழ்வரை ஒரே கோடு. சிற்றலை நிலையங்கள் படுக்கைக் கோடாகக் கிடக்கும். இதையெல்லாம் லோஃபார் என்ற ஐரோப்பிய வானொலித் தொலைநோக்கிக்காக எழுதிய ஏஓஃபிளாகர் மாதிரி நிரல்கள் தாமாகவே பிடித்துவிடும். சிக்கல் எங்கே என்றால், சூரியனின் 'மூன்றாம் வகை' என்கிற வானொலி வெடிப்பும் சில நொடிகளில் உயர் அலைவெண்ணிலிருந்து சரசரவென்று இறங்கும். நம் படத்தில் அதுவும் செங்குத்தாகத்தான் தெரியும். தொல்லை என்று நாம் விலக்கிய கோடு சூரியனைப் பார்ப்பவருக்கு முழுச் சாப்பாடு. அதனால்தான் பகிரும்போது மூலத்தரவையும் குறிகளையும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும் என்கிறேன். களையெடுத்த கோப்பு என்று பெயர் வைத்தால் மூலத்தை யார் கேட்பார்கள்?

'ஒதுக்கல்' எனக்குப் பிடித்திருந்தது. கரையில் மீன் பிரிக்கும்போது "அத ஒதுக்கி வையி" என்றால் தூக்கி எறி என்று அர்த்தமில்லை. ஆனால் நம் துறையிலேயே அலைவரிசை ஒதுக்கீடு என்று ஒன்று இருக்கிறதே! ஆகவே என் ஓட்டு 'விலக்குக்குறி'.

---

தம்பி,

களையெடுப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் 'விலக்குக்குறி'யைச் சின்னத் திரையில் அவசரமாகப் படித்தால் விலைக்குறி ஆகிவிடும், ஜவுளிக்கடை ஞாபகம் வரும். கையேட்டில் அது இருக்கட்டும். மெனுவில் வினையாகவே போடு: 'விலக்கிக் குறி', எதிர்ச்செயலுக்குக் 'குறியை எடு'.

அப்புறம், அலைத் தொல்லையைக் 'குறுக்கீடு' என்று எழுதியிருக்கும் வரிகளை மாற்றிவிடு. குறுக்கீட்டுமானி என்று தொலைநோக்கிக்கே பெயர் இருக்கும்போது இரண்டும் குழம்பும். 'இடையூறு' போதும். மாற்றிய கோப்பை அனுப்பு, தொண்டிப் பசங்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறேன்.