பல்லுக்கு யார் மதுரைக்குப் போவார்கள்

"வளவு வீடு, பள்ளத்தூர்" குழு

ஞாயிறு

சொக்கலிங்கம், காலை 6.12
(பலமுறை பகிரப்பட்டது)
முள்சீதா இலை பத்து, தண்ணீர் மூன்று டம்ளர், ஒரு டம்ளராகச் சுண்டக் காய்ச்சி வெறும் வயிற்றில் 48 நாள். எந்தப் புற்றும் கரையும். மருந்துக் கம்பெனிகள் மறைக்கும் உண்மை. பகிருங்கள், புண்ணியம் சேரும்.

சொக்கலிங்கம், 6.14
நம் தேனம்மைக்கு இதைக் கொடுத்துப் பார்க்கலாம். கோட்டையூரில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் மரம் நிற்கிறது, நானே போய்ப் பறித்து வருகிறேன்.

மீனா, 6.50
பெரிய அம்மான், மரத்தைத் தேடிப் போக வேண்டாம். இதே மெசேஜ் எனக்கு ஏழு பேரிடமிருந்து வந்துவிட்டது, அதனால் போன வாரமே டாக்டரிடம் கேட்டுவிட்டேன். கீமோ மருந்தோடு கல்லீரல் ஏற்கனவே மல்லுக்கட்டுகிறது, நாம் ஊற்றும் கஷாயத்துக்கும் சேர்த்து அதுதான் வேலை பார்க்க வேண்டும், சில மூலிகை மருந்தின் வேகத்தையே மாற்றிவிடும் என்றார். கீமோ முடியும் வரை தன்னிடம் கேட்காமல் எந்த இலையும் வேர் பொடியும் வேண்டாமாம். ரசத்தில் போடும் மிளகு சீரகத்துக்குத் தடை இல்லை.

சொக்கலிங்கம், 6.58
சரி. ஆனால் ஊசி குத்திச் சதையை எடுத்தார்களே, அதில்தான் எனக்கு மனது கேட்கவில்லை. கத்தி பட்டால் பரவும் என்று அப்பச்சி காலத்திலிருந்தே சொல்வார்கள்.

நாச்சியப்பன், 7.09
அண்ணே, அந்தக் காலத்தில் ஆளைக் கொண்டுபோகும்போதே முற்றிப் போயிருக்கும், திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்து அனுப்புவார்கள், இரண்டு மாதத்தில் ஆள் போய்விடுவார், பழி கத்தி மேல். ஊசி குத்தி எடுத்ததால்தான் தேன் ஆச்சிக்கு வந்திருப்பது எந்த வகை, ஈஆர் பிஆர் என்கிற ஹார்மோன் ஏற்பிகள் இருக்கிறதா, ஹெர்2 என்கிற புரதம் கூடுதலாக இருக்கிறதா என்றெல்லாம் தெரிந்தது. அது தெரியாமல் எந்த மருந்து கொடுப்பது என்று எதை வைத்து முடிவு செய்வார்கள்? மார்பகப் புற்று என்று நாம் ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர உள்ளே நாலைந்து வேறு வேறு நோய்.

உமையாள், 7.15
இந்தப் பேச்செல்லாம் புதுக் குழுவில் வைத்துக்கொள்வோம், "தேனுக்காக" என்று நேற்றே ஆரம்பித்து எல்லாருக்கும் லிங்க் அனுப்பினேனே. பழைய குழுவில் ஆச்சி இருக்கிறாள், அவள் கண்ணில் பட வேண்டாம்.

மீனா, 7.16
சின்னாத்தா, இதுதான் பழைய குழு.

உமையாள், 7.16
இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

தேனம்மை, 7.31
நீக்குவதற்கு முன்பே படித்துவிட்டேன் உமை. தேனுக்காக ஒரு குழு, அதில் தேன் மட்டும் இல்லை.

உமையாள், 7.32
ஆச்சி 🙏🙏 மன்னித்துக்கொள். நீ மனசு சங்கடப்படக் கூடாதே என்றுதான்.

தேனம்மை, 8.10
கோபமெல்லாம் இல்லை. கண்ணாடியைத் தேடி எடுத்து மெதுவாகத்தான் அடிக்கிறேன், ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன்.

இன்றைக்குப் பதினாலாவது நாள். முதல் கீமோவில் சிவப்பாக ஒரு மருந்து ஏற்றினார்கள், ரோஸ்மில்க் நிறம். அன்று சாயங்காலம் பாத்ரூமில் சிறுநீர் சிவப்பாகப் போனதைப் பார்த்து ரத்தம்தான் என்று நினைத்து நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அந்த மருந்துக்கு அப்படித்தான் போகும், ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நர்ஸ் இவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார், இவர் என்னிடம் சொல்ல மறந்துவிட்டார். அதனால் முதலில் ஒன்று, எனக்கு வந்ததை என்னிடம் சொல்லுங்கள். இவரிடமோ மீனாவிடமோ சொல்லி அது சுற்றி என்னிடம் வர வேண்டாம்.

வாயில் எதைப் போட்டாலும் இரும்புக் கரண்டியைச் சப்புகிற மாதிரி இருக்கிறது. நாலு இடத்தில் புண். வெந்நீரில் உப்பும் சோடா உப்பும் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னார்கள், அதைச் செய்தால் கொஞ்சம் இதம். குழம்பு மிளகாய்த்தூள் வாசம் அடுப்படியிலிருந்து வந்தாலே கண்ணில் தண்ணீர். இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் இறங்குகிறது. அண்ணமிண்டி அனுப்பிய கும்மாயத்தை நெய் வாசத்தால் தொட முடியவில்லை, இவர்தான் சாப்பிட்டார், ருசியாக இருந்ததாம்.

அப்புறம் பார்க்க வருகிறவர்கள். பத்து நாளில் பதினேழு பேர். முகப்பில் உட்கார்ந்து என்னைப் பார்த்ததும் அழுகிறார்கள், நான் எழுந்து போய்க் காபி கலந்து கொடுத்து ஒன்றும் ஆகாது, நான் நன்றாக இருக்கிறேன் என்று தேற்றி அனுப்புகிறேன். ஒருவர், யார் என்று சொல்ல மாட்டேன், தன் கொழுந்தனாருக்கும் இதேதான் வந்தது, மூன்று மாதம் இருந்தார் என்று சொல்லிவிட்டு ஆப்பிளை வைத்துவிட்டுப் போனார். இன்னொருவர் நான் குடித்த டம்ளரைத் தொடாமல் தள்ளி உட்கார்ந்தார். இது ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை. நான்தான் இப்போது மற்றவர்களின் சளி இருமலுக்குப் பயப்பட வேண்டும், எனக்குத்தான் வெள்ளை அணு குறைவு.

தைரியமாக இரு என்று ஒரு நாளைக்கு எட்டுப் பேர் சொல்கிறீர்கள். பயமாக இருக்கிற அன்றைக்கு நான் யாரிடம் போய்ச் சொல்வது?

புதுவயல் கல்யாணத்துக்கு நீங்கள் எல்லாரும் போய் வந்து மூன்று வாரம் ஆகிறது, அங்கே யார் யாரோடு பேசிக்கொள்ளவில்லை என்று இன்று வரை என்னிடம் ஒருத்தரும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு மிகவும் வருத்தம்.

வயிரவன், 8.24
அயித்தை 😂 நான் துபாயில் இருந்தாலும் முழு விவரம் என்னிடம் இருக்கிறது. பெண் வீட்டுச் சின்ன மாமனார் பந்தியில் உட்காரவே இல்லை, சம்பந்தப்புரத்தை முதலில் உட்கார வைத்துவிட்டார்களாம், காரிலேயே இருந்தாராம். பால் பணியாரம் வேறு இரண்டாம் பந்திக்கே தீர்ந்துவிட்டது. மீதி வாய்ஸ் மெசேஜில் அனுப்புகிறேன், பதினோரு நிமிடம்.

தேனம்மை, 8.25
அனுப்பு அனுப்பு

பழனியப்பன், 9.02
தேன் இவ்வளவு சொன்ன பிறகு நானும் ஒன்று கேட்டுவிடுகிறேன், கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது. அடுத்த கீமோ நாளைக்கு அடுத்த வாரத் திங்கள். காலை ஐந்து மணிக்கு இங்கே கிளம்பி, திருப்பத்தூர் மேலூர் வழியாக மதுரை போய், ரத்தம் கொடுத்து, ரிசல்ட் வந்து, மருந்து ஏற்றி, திரும்ப இரவு எட்டாகிறது. போன முறை திரும்பும்போது மேலூர் தாண்டி ஸ்டீரிங்கிலேயே கண் சொக்கிவிட்டது. தேன் பார்த்துவிட்டாள். வண்டி ஓட்ட ஒரு ஆள் கிடைத்தால் போதும்.

நாச்சியப்பன், 9.10
அத்தான், இதைக் கேட்க எதற்கு வெட்கம். செக்காலையில் நம் பழைய டிரைவர் இருக்கிறார், எல்லாக் கீமோவுக்கும் நான் பேசிவிடுகிறேன், கணக்கு என்னுடையது. சிங்கப்பூரில் உட்கார்ந்து பழம் அனுப்பவா என்று கேட்டுக்கொண்டிருந்ததற்கு இதாவது உருப்படி.

உமையாள், 9.21
சென்னை ஸ்கேனுக்கு வரும்போது ரயில் டிக்கெட்டை மறக்காதீர்கள் அத்தான். போன தடவை ஊசி குத்தி எடுத்த சதையின் பிளாக்கையும் ஸ்லைடையும் எடுத்துக்கொண்டு இரண்டாவது கருத்துக்கு வந்தபோது முழுக் காசும் கொடுத்தீர்கள். ஆஸ்பத்திரியில் ரயில்வே படிவத்தில் எழுதி வாங்கினால் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஆச்சிக்கு டிக்கெட்டே இல்லை, கூட வரும் ஒருவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. பல்லவன் ரயிலில் உட்கார்ந்து வந்தால் இருவருக்கும் முக்கால். காசுக்காகச் சொல்லவில்லை, கொடுப்பதை ஏன் விட வேண்டும்.

மீனா, 9.40
எல்லாருக்கும் ஒன்று. கீமோ ஏற்றி ஏழாவது நாளிலிருந்து பதினாலு வரை வெள்ளை அணு ரொம்பக் கீழே இருக்கும். அப்போது அம்மாவுக்குக் காய்ச்சல் 100.4 வந்தால் இரவு இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். ஒரு பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அப்பா மறப்பார், அதனால் அம்மா தினமும் இரவு ஒன்பது மணிக்கு டெம்பரேச்சரை இங்கே போட வேண்டும்.

தேனம்மை, 9.44
பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு மாதிரி. சரி.

திங்கள்

அழகம்மை, காலை 10.15
ஆத்தா காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கார்த்திகைக்குத் தேன் வரவில்லை, பிள்ளையார் நோன்புக்காவது இழை எடுக்க வருவாளா மாட்டாளா என்று. நோன்புத் திரிக்கு நாலு நாள் நூல் இழை எடுத்து வைத்தாகிவிட்டது. பல் வைத்தியம் நடக்கிறது என்று எத்தனை நாள் ஓட்டுவது? நாற்பது நாள் ஆகிறது.

மீனா, 10.22
நோன்பு அன்றைக்கு அம்மாவுக்கு இரண்டாவது கீமோ ஏற்றிப் பத்துப் பதினொரு நாள் ஆகியிருக்கும். வளவில் அறுபது பேர் கூடும் இடத்துக்கு வரக் கூடாது.

சொக்கலிங்கம், 10.30
அப்படியானால் ஏதாவது சொல்லிச் சமாளிப்போம். ஆத்தாவுக்கு 84 வயது, சொன்னால் தாங்க மாட்டார்கள். நம் குடும்பத்தில் யாருக்கும் இது வந்ததே இல்லை.

அழகம்மை, 11.05
வந்திருக்கிறது.

அழகம்மை, 11.12
நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஆத்தா ஒரே ஒரு முறை சொன்னார்கள். அவர்களுடைய ஆச்சி, கூடப் பிறந்த அக்கா, உங்கள் பெரியாத்தா, இரண்டாங்கட்டில் ஒரு வருஷம் படுத்துக் கிடந்தார்கள். மாரில் கட்டி. வெளியே கேட்டவர்களுக்கெல்லாம் வாயு என்று சொன்னார்களாம். புண்ணாகி வாடை வந்த பிறகும் வாயுதான். நாற்பது வயது கூட ஆகவில்லை அவர்களுக்கு.

மீனா, 11.14
அம்மாமிண்டி, இதை யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா? முதல் நாளே டாக்டர் கேட்டார், தாய் வழியில் யாருக்காவது மார்பிலோ சினைப்பையிலோ புற்று வந்திருக்கிறதா, எந்த வயதில் என்று. நான் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நாச்சியப்பன், 11.30
அவர்களை எங்கேயும் கொண்டுபோகவே இல்லையா? 1954-லேயே அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரி வந்துவிட்டது, பன்னிரண்டு படுக்கையோடு ஆரம்பித்தார்கள். ஆரம்பித்த முத்துலட்சுமி ரெட்டி வேறு எங்கிருந்தோ வந்தவர் இல்லை, இதோ பக்கத்தில் புதுக்கோட்டையில் பிறந்தவர், தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். ரயில் ஏறினால் காலையில் எழும்பூர். வாயு என்று சொன்ன பிறகு யார் ரயில் ஏற்றுவார்கள்.

உமையாள், 12.40
இதைப் படித்த பிறகு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆச்சிக்குத் தெரிந்த அன்றைக்கே டாக்டர் என்னையும் மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுக்கச் சொன்னார். இரண்டு தடவை நாள் குறித்து இரண்டு தடவையும் போகவில்லை. ஒரு தடவை பிள்ளைக்குப் பரீட்சை என்றேன், இன்னொரு தடவை என்ன சொன்னேன் என்றே நினைவில்லை. புதுக் குழு ஆரம்பித்ததெல்லாம் கூட, ஆச்சிக்கு மறைக்க என்று சொன்னேன், எனக்கே அவள் முன்னால் இதைப் பேச முடியவில்லை.

தேனம்மை, 12.52
உமை, வியாழக்கிழமைக்குள் எடு. இல்லையென்றால் நானே தலையில் முடி இல்லாமல் வேளச்சேரிக்கு வந்து உன் கதவைத் தட்டுவேன், பக்கத்து வீடெல்லாம் பார்க்கும்.

தேனம்மை, 12.55
குடும்பத்தில் ஒருவருக்கு வந்தால் எல்லாருக்கும் வந்துவிடும் என்று இல்லை. நூறு பேருக்கு வந்தால் அதில் ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான் பரம்பரையாக வருகிறதாம். மீனா அந்தப் படிவத்தைத் திருத்திக் கொடுக்கட்டும், ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று அவர்கள் சொல்வார்கள். ஆத்தாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், யாரும் எனக்கு முன்னால் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

சொக்கலிங்கம், 1.03
தேன், யோசித்துச் செய்.

செவ்வாய்

அழகம்மை, மதியம் 3.20
தேன் வந்தாள். மாஸ்க் போட்டுக்கொண்டு நேரே ஆத்தா கட்டிலில் போய் உட்கார்ந்து, ஆத்தா எனக்கு மாரில் புற்று, மருந்து ஏற்றுகிறார்கள், முடி கொட்டும், முளைக்கும் என்று நாலு வரியில் சொல்லிவிட்டாள். உங்கள் அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆத்தா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் எங்களைப் பார்த்து, "பல்லுக்கு யாருடா மதுரைக்குப் போவா? காரைக்குடியில் தெருவுக்கு ஒரு பல் டாக்டர் இருக்கான்" என்று உங்கள் அண்ணனை ஒரு பிடி பிடித்தார்கள் பாருங்கள். நாற்பது நாளாகத் தன்னைச் சின்னப்பிள்ளை மாதிரி நடத்தினோமாம். தேனை ஒரு வார்த்தை திட்டவில்லை.

சொக்கலிங்கம், 3.31
எனக்கு இன்னும் திட்டு விழுகிறது.

அழகம்மை, 3.48
தேன் தலையைத் தடவிப் பார்த்தார்கள், கையோடு ஒரு கொத்து வந்துவிட்டது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள், நான்தான் வாங்கி மடித்து வைத்தேன். பிறகு என்னைப் பெட்டகத்தைத் திறக்கச் சொல்லி, அடியிலிருந்து ஒரு அரக்குக் கண்டாங்கிச் சேலையை எடுக்கச் சொன்னார்கள், துவைத்துத் துவைத்து மல்துணி மாதிரி ஆகியிருக்கிறது. நடுவில் கிழி என்றார்கள். நான் தயங்கினேன், அவர்களே முந்தானைப் பக்கம் பல்லால் கடித்துக் கிழித்தார்கள். அவர்கள் பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தேனம்மை, மாலை 5.36
நாலு துண்டு கிடைத்தது. ஆன்லைனில் மீனா வாங்கிய தொப்பி வழுக்கி வழுக்கி நெற்றிக்கு வருகிறது, உள்ளே அரிக்கவும் செய்கிறது. இது கட்டினால் கட்டின இடத்தில் நிற்கிறது. ஓரத்தை டெய்லரிடம் கொடுக்காதே, மெஷின் தையல் தலையில் உறுத்தும், கையால் அடி என்று ஆத்தா உத்தரவு. ஒன்று அடித்துவிட்டேன், மூன்று பாக்கி. நோன்புக்கு நான் போக வேண்டாமாம், அண்ணன் இழை மாவை எடுத்துக்கொண்டு இங்கே வர வேண்டுமாம், வரும்போது தும்மல் இருக்கக் கூடாதாம்.

உமையாள், 6.02
நாளை பதினொன்றரைக்கு மேமோகிராம். இவரும் கூட வருகிறார். "தேனுக்காக" குழுவைக் கலைத்துவிடவா?

தேனம்மை, 6.05
கலைக்காதே. என்னைச் சேர்த்துவிட்டுப் பெயரைப் "பல் ஆஸ்பத்திரி" என்று மாற்று.

வயிரவன், 6.06
😂😂 அப்பத்தாவுக்கும் ஒரு போன் வாங்கிக் கொடுங்கள், அவர்கள்தான் அட்மின்.

மீனா, இரவு 9.03
அம்மா, மணி ஒன்பது.

தேனம்மை, 9.07
98.2